டாக்டர் பிரிட்டோரியஸாக வந்த ஒல்லி மனிதர்

1935இல் வந்த 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் சொல்வது அந்த மணப்பெண்ணின் தலைமுடியை. இரண்டு பக்கமும் மின்னல் போல வெள்ளைக் கோடு ஓடுமே, அந்த முடி. அடுத்தது போரிஸ் கார்லோஃபின் அரக்கன். ஆனால் படத்தை முழுசாக உட்கார்ந்து பார்த்தவர்கள் மனதில் ஒட்டிக்கொள்கிறவர் வேறொருவர்: ஒடிசலான உடம்பு, கூர்மையான நீண்ட மூக்கு, எந்நேரமும் கொஞ்சம் மேலே தூக்கிய முகவாய், எதிரே நிற்பவர் எல்லாம் தனக்கு அரை மதிப்புக்குக் கீழேதான் என்பது மாதிரியான ஒரு பார்வை. டாக்டர் பிரிட்டோரியஸ், அரக்கனை உருவாக்கிய ஃபிராங்கன்ஸ்டைனை அவனுக்கு ஒரு பெண் துணையையும் உருவாக்க இழுத்துவிடும் விஞ்ஞானி. அந்த வேடத்தில் நடித்தவர் எர்னஸ்ட் தெஸிஜர், அப்போது அவருக்கு 56 வயது.

இவரைப் 'பழைய திகில் பட நடிகர்' என்ற அலமாரியில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். உண்மையில் திகில் படம் என்று சொல்லத்தக்கவை அவருடைய கணக்கில் இரண்டு மூன்றுதான் முக்கியமானவை. மற்றபடி அரை நூற்றாண்டு லண்டன் மேடையில் சிரிக்க வைத்தவர், முறையாக ஓவியம் படித்தவர், நீர்வண்ணத்தில் வரைந்தவர், அப்புறம் இங்கிலாந்திலேயே பேர் சொல்லும் அளவுக்கு எம்பிராய்டரி போட்டவர். இதையெல்லாம் சுவாரஸ்யமான உதிரித் தகவல்களாகச் சொல்லிக் கடந்துபோவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓவியப் பள்ளியில் படித்த கண்ணோடு தன் உடம்பையே ஒரு கோட்டோவியமாகப் பார்த்தவர் அவர். திரையில் அவர் ஐந்து நிமிடம் வந்தாலும் கண் அங்கேயே போய் நிற்பதற்குக் காரணம் அதுதான் என்பது என் கட்சி.

முதலில் குடும்பம், ஏனென்றால் இந்தக் குடும்பப் பெயர் நமக்கு வேறு வழியில் பழக்கம். எர்னஸ்டின் தாத்தா முதலாம் செம்ஸ்ஃபோர்டு பிரபு, இங்கிலாந்தின் லார்ட் சான்சலராக, அதாவது நீதித்துறைக்குத் தலைவராக இருந்தவர். பெரியப்பா இரண்டாம் செம்ஸ்ஃபோர்டு பிரபு, தென்னாப்பிரிக்காவில் ஜூலு போரை நடத்திய தளபதி. அந்தப் பெரியப்பாவின் மகன்தான் 1916 முதல் 1921 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த செம்ஸ்ஃபோர்டு. பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என்று மனப்பாடம் செய்தோமே, அதே செம்ஸ்ஃபோர்டு. ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலா பாக் படுகொலையும் அவர் காலத்தில்தான்; சென்னை மாகாணத்தில் 1920 தேர்தல் நடந்து நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்ததும் அந்தச் சீர்திருத்தத்தின் விளைவுதான். அரேபியப் பாலைவனத்தை ஒட்டகத்தில் கடந்த பயணி வில்ஃபிரெட் தெஸிஜரும் இதே குடும்பம், அந்தத் தளபதியின் பேரன். இப்படிப் போர், நீதிமன்றம், ஆட்சி என்று போகும் வம்சத்தில் ஒருத்தர் முகத்தில் பவுடர் பூசிக்கொண்டு மேடை ஏறினால் வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

எர்னஸ்ட் பிறந்தது 1879 ஜனவரி 15, லண்டனில். சரியாக ஒரு வாரம் கழித்து, ஜனவரி 22ஆம் தேதி, இசான்டில்வானாவில் பெரியப்பாவின் படை ஜூலுக்களிடம் படுதோல்வி அடைந்தது. ஒரே நாளில் 1,300 பேருக்கு மேல் செத்தார்கள். அப்பா எட்வர்ட் தெஸிஜர் பிரபுக்கள் சபையில் எழுத்தர் பதவியில் இருந்த அதிகாரி. மகனை மார்ல்பரோ கல்லூரிக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து அவர் போனது ஸ்லேட் ஓவியப் பள்ளிக்கு.

ஸ்லேட் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜோடு சேர்ந்த பள்ளி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே பாடம் நடத்தியவர்களில் ஒருவர் ஹென்றி டோங்க்ஸ், அறுவை சிகிச்சை மருத்துவராக இருந்து ஓவியத்துக்கு வந்தவர். வண்ணத்தை விடக் கோடுதான் அவருக்கு முக்கியம்: உடம்பு எந்த இடத்தில் திரும்புகிறது, எலும்பு தோலுக்குக் கீழே எங்கே முட்டுகிறது, ஒரு கை சும்மா தொங்கும்போதும் அதில் என்ன இருக்கிறது, இதைப் பென்சிலில் பிடிக்காதவனுக்கு அங்கே வேலையில்லை. தெஸிஜர் ஓவியராக வேண்டும் என்றுதான் சேர்ந்தார். அங்கே கிடைத்த நண்பர் வில்லியம் ரேங்கன், பின்னாளில் பெரிய வீடுகளின் உள்ளறைகளையும் சீமாட்டிகளையும் வரைந்து பேர் வாங்கிய ஓவியர். இருவரும் ஆயுள் நண்பர்கள்.

ஓவியத்தில் பிழைப்பு நடக்காது என்று தெரிந்ததும் நாடகப் பக்கம் திரும்பினார். தொழில்முறை நடிகராக மேடை ஏறியது 1909இல், முப்பது வயதில். அந்தக் காலத்துக்கு இது ரொம்பத் தாமதம், ஆனால் அதில் ஒரு லாபமும் இருந்தது. இளம் கதாநாயகனாக நிற்கும் ஆசைக்கே அவருக்கு இடமில்லை, அந்த முகத்துக்கும் இல்லை. வந்த நாளிலிருந்தே குணச்சித்திரம்தான்.

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும் 35 வயதில் தானாகப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார். ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு ஒன்றில் சேரப் பார்த்தாராம், அந்தக் கட்டம்போட்ட கில்ட் பாவாடையைக் கட்டிக்கொள்ளலாமே என்று. அதற்காகப் பேசிக் காட்டிய ஸ்காட்லாந்து உச்சரிப்பு எடுபடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது அவரே சொல்லிக்கொண்ட கதை. 1927இல் எழுதிய சுயசரிதைக்கே 'ஏறக்குறைய உண்மை' என்கிற மாதிரி தலைப்பு வைத்தவர் அவர், அந்த அளவில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் லண்டன் படைப்பிரிவு ஒன்றில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து பிரான்ஸ் போனதும், 1915 தொடக்கத்தில் குண்டு விழுந்து இரண்டு கையிலும் அடிபட்டுத் திரும்பியதும் உண்மை. செம்ஸ்ஃபோர்டு பிரபுவின் பேரன் அதிகாரிப் பதவி கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். பதுங்குகுழியில் சிப்பாயாக நின்றிருக்கிறார். திரும்பி வந்தபின் ஒரு விருந்தில் போர்முனை எப்படி இருந்தது என்று யாரோ கேட்க, "அய்யோ, என்ன சத்தம்! அப்புறம் அந்த ஆட்கள்!" என்று சொன்னதாக ஒரு வரி அவர் பேரில் உலவுகிறது. அடுத்த உலகப்போரில் வேறு ஆட்கள் பேரிலும் அதே வரி உலவியது, அதனால் யார் சொன்னது என்று அடித்துச் சொல்ல முடியாது. அவர் சொல்லியிருக்கக்கூடியது என்று எல்லோரும் நம்பினார்கள், அது போதும்.

அதே 1915 கடைசியில் லண்டன் கிரைட்டீரியன் அரங்கில் 'எ லிட்டில் பிட் ஆஃப் ஃபிளஃப்' என்ற சிரிப்பு நாடகம் தொடங்கியது. கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. போர்முனையிலிருந்து நாலு நாள் விடுப்பில் வந்த பையன்கள் வந்து சிரித்துவிட்டுப் போக ஒரு இடம், அவ்வளவுதான். 1,200 தடவைக்கு மேல் ஓடியது, தெஸிஜருக்கு ஊர் முழுக்கப் பேர் வந்தது அதில்தான்.

1917இல் நண்பர் ரேங்கனின் சகோதரி ஜேனட்டைக் கல்யாணம் செய்துகொண்டார். அவருடைய பழக்கவழக்கம், நட்பு வட்டம், நடை உடை எல்லாவற்றையும் வைத்து அவர் ஆண்களை விரும்பியவர் என்றே பின்னால் எழுதியவர்கள் பார்க்கிறார்கள். அதைச் சட்டம் குற்றமாக வைத்திருந்த நாடு அது, 1967 வரைக்கும். தெஸிஜர் இறந்து ஆறு வருஷம் கழித்துத்தான் சட்டம் மாறியது. ஆனால் அவர் எதையும் மறைத்து ஆண்மைத் தோரணை காட்டியதாகத் தெரியவில்லை. முத்து மாலை போட்டுக்கொண்டார், மோதிரங்கள் போட்டுக்கொண்டார், படப்பிடிப்புத் தளத்தில் காட்சிக்குக் காட்சி நடுவே ஊசி நூலோடு உட்கார்ந்திருப்பார்.

அந்த ஊசி நூல் பொழுதுபோக்கு மட்டும் இல்லை. போரில் கை கால் போனவர்கள், படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பியிருந்த நேரம். இவர்களுக்கு எம்பிராய்டரி கற்றுக்கொடுத்தால் உட்கார்ந்த இடத்தில் கூலி கிடைக்குமே என்று தெஸிஜர் யோசனை சொன்னபோது அரசுத் தரப்பில் தயக்கம். இது பெண்கள் வேலையாயிற்றே, சிப்பாய்களிடம் போய் எப்படி என்று. பிறகு தனியார் தர்ம முயற்சியாக ஊனமுற்ற போர்வீரர்களுக்கான எம்பிராய்டரித் தொழில் அமைப்பு உருவானது, தெஸிஜர் அதை நடத்தியவர்களில் ஒருவர். பழைய நாற்காலி உறைகளையும் திரைச்சீலைகளையும் பார்த்து டிசைன் எடுப்பது, அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுப்பது, சிப்பாய்கள் வீட்டிலிருந்தே போட்டு அனுப்புவது, வசதியான வீடுகளுக்கு விற்பது என்று வேலை நடந்தது. மேரி மகாராணிக்கும் தையலில் பெரிய ஈடுபாடு உண்டு, அந்த வகையில் அரண்மனை வரை இவருக்குப் பழக்கம். 1941இல், லண்டன் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில், எம்பிராய்டரி பற்றி ஒரு புத்தகமே எழுதி வெளியிட்டார். குண்டடிபட்ட விரல்களால் இழை எண்ணித் தைத்தவர் என்பதை நினைத்துக்கொண்டு அவர் படங்களைப் பார்த்தால் கண் தானாக அவர் கைகளுக்குப் போகும்.

மேடையில் அவருக்கு உச்சம் 1924. பெர்னார்ட் ஷாவின் 'செயின்ட் ஜோன்' முதன்முறை லண்டனில் நடந்தபோது சிபில் தார்ன்டைக் ஜோனாகவும், தெஸிஜர் பிரெஞ்சு இளவரசராகவும் நடித்தார்கள். முடிசூட வேண்டிய ராஜகுமாரன், ஆனால் கோழை, கஞ்சப் பயல், எல்லாரும் மிரட்டும் ஆள், அதே சமயம் சபையில் இருப்பவர்களில் தன் நிலைமை என்னவென்று சரியாகப் புரிந்துவைத்திருப்பவனும் அவன்தான். சிரிப்பும் பரிதாபமும் ஒரே முகத்தில் வர வேண்டிய வேடம். அடுத்த வருஷமே நாடகாசிரியர் நோயல் கவர்டின் ஒரு ஆட்டபாட்ட நிகழ்ச்சியில் உள்பாவாடை, கார்செட் எல்லாம் போட்டுக்கொண்டு டக்ளஸ் பிங்கோடு கிழவி வேஷம் கட்டினார். ஷாவிலிருந்து அங்கே, அங்கிருந்து ஷேக்ஸ்பியர். எது உயர்ந்தது எது தாழ்ந்தது என்ற கணக்கு அவரிடம் இருந்த மாதிரி தெரியவில்லை.

ஹாலிவுட் கதைக்கு 1919க்குப் போக வேண்டும். மான்செஸ்டரில் ஒரு ஷேக்ஸ்பியர் நாடகத்தில் நடிக்கப் போன இடத்தில் ஜேம்ஸ் வேல் என்ற இளைஞர் பழக்கமானார். இரும்பு உலைத் தொழிலாளர் குடும்பம், டட்லி என்ற தொழில் ஊர். இவரோ பிரபு வீட்டுப் பிள்ளை. ஆனால் இருவரும் போருக்குப் போனவர்கள், வேல் ஜெர்மானியர்களிடம் சிறைப்பட்டு அந்த முகாமில்தான் நாடகம் போடக் கற்றார். இருவரும் ஓவியம் படித்தவர்கள். வேல் பத்திரிகைகளுக்குக் கார்ட்டூன் வரைந்தவர், சினிமாவை விட்டபின் மறுபடி தூரிகை எடுத்தவர். 1931இல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' எடுத்து வேல் பெரிய ஆளாகிவிட்டார். உடனே தெஸிஜரை வரவழைத்தார்.

வந்த படம் 'தி ஓல்ட் டார்க் ஹவுஸ்', 1932. ஜே. பி. பிரீஸ்ட்லியின் நாவல். வேல்ஸ் மலையில் பேய் மழை, வழி தெரியாத பயணிகள் ஒரு பாழடைந்த வீட்டில் ஒதுங்குகிறார்கள், வீட்டுக்காரர் ஹோரஸ் ஃபெம்மாகத் தெஸிஜர். இதே படத்தில் கதாநாயகியாக வரும் குளோரியா ஸ்டூவர்ட்தான் 65 வருஷம் கழித்து 'டைட்டானிக்'கில் வயதான ரோஸாக வந்தவர். ஹோரஸ் படியிறங்கி வரும் முதல் காட்சியைப் பாருங்கள். தோளை ஒடுக்கிக்கொண்டு, முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, மெலிந்த செங்குத்துக் கோடு ஒன்று இறங்கி வருகிற மாதிரி இருக்கும். மேசையில் ஒரு கொத்துப் பூ. என் தங்கை இதைக் குவளையில் வைக்க இருந்தாள் என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டே அதை எடுத்து நெருப்பில் போட்டுவிடுகிறார், குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் சாப்பாட்டு மேசை. "ஒரு உருளைக்கிழங்கு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரே ஒரு வாக்கியம். விருந்தோம்பலும் அவமதிப்பும் அதில் எந்த இடத்தில் பிரிகிறது என்று சொல்லவே முடியாது. தொண்ணூறு வருஷம் கழித்தும் பழைய பட ரசிகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிக்கிற வரி.

வேலே பிறகு எடுத்த 'பிரைட்' படத்தின் பிரிட்டோரியஸ் இதே ஆள்தான், பயம் போய் ஆணவம் வந்தால். இந்த வேடத்துக்கு ஸ்டுடியோ யோசித்தது கிளாட் ரெய்ன்ஸை என்பார்கள். அவர் வந்திருந்தால் நல்ல வில்லன் ஒருவன் கிடைத்திருப்பான், அவ்வளவே. பிரிட்டோரியஸ் தான் உருவாக்கிய குட்டி மனிதர்களைக் கண்ணாடி ஜாடிகளில் வைத்திருக்கிறார்: ராஜா, ராணி, பேராயர், சாத்தான், நடனப் பெண், கடற்கன்னி. ராஜாவுக்கு ராணி மேல் மோகம், ஜாடியை விட்டு ஏறி ஓடுகிறான். பிரிட்டோரியஸ் ஒரு இடுக்கியை எடுத்து, அவன் சட்டைக் கழுத்தைக் கவ்வித் தூக்கி, மறுபடி ஜாடிக்குள் விடுகிறார். ஜான் ஃபுல்டன் செய்த தந்திரக் காட்சி இது: ஆட்களைப் பெரிய ஜாடிகளுக்குள் நிற்கவைத்துத் தனியாகப் படம்பிடித்து, பிறகு பொருத்தியது. அதாவது தெஸிஜர் நடிக்கும்போது இடுக்கி முனையில் ஒன்றுமே கிடையாது. விரல் அசைவு ஒரு துளி தப்பியிருந்தாலும் காட்சி பொய்யாகியிருக்கும். ஊசியில் நூல் கோக்கிற நிதானத்தில் அதைச் செய்கிறார்.

இன்னொரு காட்சி கல்லறை. பிணம் தோண்ட வந்த கூட்டாளிகளை அனுப்பிவிட்டு, சவப்பெட்டி மேல் துணி விரித்து, மெழுகுவத்தி ஏற்றி, ஒரு மண்டையோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்கிறார். இருட்டிலிருந்து அரக்கன் வருகிறான். வேறு யாராக இருந்தாலும் அலறுவார்கள். இவர் சுருட்டு ஒன்றை நீட்டுகிறார், இது ஒன்றுதான் எனக்குள்ள பலவீனம் என்று. முன்னால் ஒரு காட்சியில் ஜின் மதுவைப் பற்றியும் இதையேதான் சொல்லியிருப்பார். ஒளிப்பதிவாளர் ஜான் மெஸ்கால் கீழேயிருந்து விளக்கு அடிக்க, அந்த மூக்கும் கன்ன எலும்பும் புருவமும் கரித்துண்டால் வரைந்த மாதிரி தனித்தனியாக எழுந்து நிற்கும். தன் முகத்தில் எந்த மேடு எந்த வெளிச்சத்தை வாங்கும் என்று தெரிந்த ஒருவரால்தான் தலையை அந்தக் கோணத்தில் வைத்துக்கொண்டு, அசையாமல் கண்ணை மட்டும் திருப்பிப் பேச முடியும். ஸ்லேட்டில் அடுத்தவரை வரையக் கற்றதைத் தன்மேல் போட்டுப் பார்த்திருக்கிறார். அமெரிக்கத் தணிக்கையாளர்கள் இந்தப் படத்தின் மதம் தொடர்பான வசனங்களில் நிறையக் கைவைத்தார்கள். தெஸிஜரின் நெளிவைத் தணிக்கை செய்ய அவர்களிடம் விதி எதுவும் இல்லை. வசனத்தில் பிடிபடாதது உடம்பில் போய்விட்டது. பிரிட்டோரியஸ் ஃபிராங்கன்ஸ்டைனைக் கல்யாண இரவில் வந்து புதுப்பெண்ணிடமிருந்து பிரித்துக் கூட்டிப்போவதைப் பிற்கால விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியது இதனால்தான்.

இவ்வளவு திட்டவட்டமான உருவம் எல்லோருக்கும் ஒத்துவராது என்பதும் உண்மை. அடுத்து 'திங்ஸ் டு கம்' படத்தில் புரட்சிக்காரச் சிற்பி வேடம் கொடுத்துப் படமும் எடுத்துவிட்டு, கதை எழுதிய ஹெச். ஜி. வெல்ஸுக்குத் திருப்தியில்லை என்று அவரை எடுத்துவிட்டு செட்ரிக் ஹார்ட்விக்கைப் போட்டார்கள். கூட்டத்தைத் தூண்டிவிடும் ஆவேசக்காரனாக இவரை யோசித்ததே தப்பு என்று தோன்றுகிறது. அதே வெல்ஸ் கதையில் எடுத்த 'தி மேன் ஹூ குட் ஒர்க் மிராக்கிள்ஸ்' படத்தில் அரைகுறை லட்சியவாதியான பாதிரியாராகக் கச்சிதமாகப் பொருந்தினார்.

அதன்பின் 25 வருஷம் சின்னச் சின்ன வேடங்கள்தான். லாரன்ஸ் ஒலிவியரின் 'ஐந்தாம் ஹென்றி'யில் பிரெஞ்சுக் கோமகன், 'தி ரோப்' படத்தில் பேரரசர் டைபீரியஸ், அலஸ்டைர் சிம் நடித்த 'ஸ்க்ரூஜ்' படத்தில் மார்லியின் உயிர் பிரிவதற்கு முன்பே வாசலில் வந்து காத்திருக்கும் சவப்பெட்டிக்காரர், கேட்டால் எங்கள் தொழிலில் போட்டி அதிகம் என்பார். இவற்றில் எனக்குப் பிடித்தது 'தி மேன் இன் தி ஒயிட் சூட்', 1951. கிழியாத, அழுக்குப்படாத துணியை ஒருவன் கண்டுபிடித்துவிடுகிறான், மில் முதலாளிகள் பதறுகிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் பெரியவராக, போர்வை சுற்றி, இருமிக்கொண்டு காரில் வந்து இறங்குகிறார் சர் ஜான் கியர்லா. மூச்சு வாங்கிக்கொண்டு சிரிக்கும் அந்தச் சிரிப்பில் ஒரு முழு முதலாளி வர்க்கமும் தெரியும். 72 வயதில் செய்தது.

மேடையையும் விடவில்லை. 1950இல் நியூயார்க்கில் கேத்தரின் ஹெப்பர்னோடு ஷேக்ஸ்பியர், 1955இல் பீட்டர் புரூக் இயக்கி பால் ஸ்கோஃபீல்ட் நடித்த ஹாம்லெட்டில் பொலோனியஸ். மாஸ்கோவுக்குப் போய் நடித்த நாடகம் அது. 1960இல் சி.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரசு கௌரவப் பட்டம் கொடுத்தார்கள், அந்த வருஷமும் நடிகர் ஜான் கீல்குட்டோடு மேடையில் நின்றார். 82 வயது முடிய ஒரே ஒரு நாள் இருக்கும்போது, 1961 ஜனவரி 14 அன்று, லண்டனில் இறந்தார். கடைசிப் படமான 'தி ரோமன் ஸ்பிரிங் ஆஃப் மிஸஸ் ஸ்டோன்' அதற்குப் பிறகுதான் வெளிவந்தது.

சினிமா ரசிகர்களிடம் அவர் பேர் தாமதமாகப் பரவியதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. 'ஓல்ட் டார்க் ஹவுஸ்' பல வருஷம் காணாமல் போன படமாகவே இருந்தது. கர்டிஸ் ஹேரிங்டன் என்ற இயக்குநர் விடாமல் நச்சரித்து 1968இல் யூனிவர்சல் கிடங்கிலிருந்து அதை மீட்டார். கார்லோஃபோடு தெஸிஜர் நடித்த 'தி கூல்' படத்துக்கும் அதே கதி, செக்கோஸ்லோவாக்கியாவில் ஒரு சிதைந்த பிரதி கிடைத்தது. 1998இல் ஜேம்ஸ் வேலின் கடைசி நாட்களை வைத்து எடுத்த படத்துக்கு 'காட்ஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்' என்று பெயர் வைத்தார்கள், அது பிரிட்டோரியஸ் ஜின் குவளையைத் தூக்கிச் சொல்லும் வாழ்த்து. அந்தப் படத்திலேயே தெஸிஜர் ஒரு பாத்திரமாக வருகிறார், ஆர்தர் டிக்னம் நடித்தது.

பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நேராக 'பிரைட்'டுக்குப் போக வேண்டாம். முதலில் 'ஓல்ட் டார்க் ஹவுஸ்', கொஞ்சம் தெளிவான புதுப் பிரதியாகத் தேடிப் பாருங்கள். எழுபது நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பிறகு பிரிட்டோரியஸ். மூன்றாவதாக 'ஒயிட் சூட்'. அவர் வருவது கடைசிப் பகுதியில்தான், நடுவில் எழுந்து போய்விடாதீர்கள்.